வாழ்த்த வயது வேண்டுமா?

அரையாண்டுத் தேர்வில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஓர் உரை எழுதக் கொடுத்திருந்தேன். பணி ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் சார்பில் வாழ்த்துரை. மொத்தம் 28 தாள். வீட்டுக்குக் கொண்டு போய்த் திருத்த உட்கார்ந்தால், 11 தாளில் கடைசிப் பத்தி ஒரே மாதிரி முடிகிறது: "தங்களை வாழ்த்த எனக்கு வயதில்லை, வணங்கி விடைபெறுகிறேன்." மேலே பார்த்தால் கொட்டை எழுத்தில் "வாழ்த்துரை" என்று தலைப்பு. ஒன்றரைப் பக்கம் வாழ்த்தி முடித்துவிட்டு, கடைசியில் வாழ்த்த வயதில்லை என்கிறான் பிள்ளை!

முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த தாளை எடுக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தைப் "பண்பான முடிவு" என்று சொல்லி வெண்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். எனக்கு என் ஆசிரியர் சொன்னார், நான் இவர்களுக்குச் சொன்னேன். அது சரியா என்று ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

தலைவர்களின் பிறந்தநாள் சுவரொட்டியிலும், மணிவிழா மேடையிலும் நாம் எல்லாரும் கேட்டுப் பழகிய தொடர் இது. அதில் பணிவு இருக்கிறது. "வாழ்த்த", "வயதில்லை", "வணங்குகிறேன்" என்று மோனையும் அழகாக விழுகிறது. அதனால்தான் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. பணிவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொடருக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: வாழ்த்து என்பது மூத்தவர் இளையவருக்குத் தருவது மட்டுமே, கீழே இருப்பவன் மேலே இருப்பவரை வாழ்த்தக் கூடாது. நம் இலக்கியத்தை வைத்துப் பார்த்தால் இது நிற்காது என்பது என் கட்சி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். வீழ் – வீழ்த்து, தாழ் – தாழ்த்து, ஆழ் – ஆழ்த்து என்ற வரிசையில் வாழ் – வாழ்த்து என்பதையும் வைத்துப் பாருங்கள். வீழ்த்துவது என்றால் விழச் செய்வது. தாழ்த்துவது என்றால் தாழச் செய்வது. அப்படியானால் வாழ்த்துவது வாழச் செய்வது. தன்வினையைப் பிறவினையாக்கும் அதே "து" விகுதிதான் இங்கேயும் நிற்கிறது. வாழச் செய்ய வயது எதற்கு? சொல்லின் அமைப்பில் வயதும் இல்லை, பதவியும் இல்லை.

அடுத்து வியங்கோள். வாழ்க, வாழிய, வாழியர் என்று க, இய, இயர் விகுதிகளை மனனம் செய்கிறோம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளிலும் அது வரும் என்றும் ஒப்பிக்கிறோம். இந்த நான்கையும் ஒரே வீட்டில் குடி வைத்தது எனக்கு எப்போதும் வியப்பு. "வாழ்க" என்பதும் "ஒழிக" என்பதும் இலக்கணத்தில் உடன்பிறப்புகள். தொல்காப்பியர் வியங்கோளைத் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியதன்று என்று ஒதுக்கினார். நன்னூலார் காலத்தில் அது எல்லா இடத்துக்கும் பாலுக்கும் பொதுவாகிவிட்டது. இன்றைய பேச்சில் வியங்கோளே அநேகமாக இல்லை. கோஷத்தில் இருக்கிறது, வாழ்த்து அட்டையில் இருக்கிறது, வீட்டில் இல்லை. வீட்டில் வாழ்த்து ஏவலுக்குள் குடி புகுந்துவிட்டது. என் பாட்டி குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவர் ஒரு நாளும் "வாழ்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நெற்றியில் திருநீறு பூசி "நல்லா இரு சாமி" என்பார். வாசல் தாண்டும்போது "போ" என்று சொல்லவே மாட்டார், "போயிட்டு வா" என்பார். வடிவத்தில் இரண்டும் முன்னிலை ஏவல், பொருளில் வாழ்த்து. படிவம் நான்கில் ஏவலுக்கும் வியங்கோளுக்கும் வேறுபாடு நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி இலக்கியம். புறநானூற்றில் பாடாண் திணைப் பாடல்கள் பலவற்றில் "வாழ்த்தியல்" என்றொரு துறைக் குறிப்பு இருக்கும். வாழ்த்துவது யார்? புலவர். வாழ்த்தப்படுவது வேந்தன். இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை இமயமும் பொதியமும் போல அசையாமல் நிற்கச் சொல்கிறார். ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதிக்குப் பஃறுளி ஆற்று மணலைவிட அதிக வாழ்நாள் கேட்கிறார். 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனுக்கு மழைத் துளிகளை எண்ணிக்கையாக வைக்கிறார். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பரிசில் எதிர்பார்த்து நிற்கும் புலவர்களும் அந்த அவைகளில் இருந்தார்கள். அவர்கள் யாரும் எனக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கவில்லை. மணலை எண்ணி, மழையை எண்ணி வாழ்த்தினார்கள்.

எதிர்வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆறாம் பாட்டில் காரிகிழார் அதே முதுகுடுமியிடம், வாழ்த்துவதற்காகக் கை உயர்த்தும் மறையோர்முன் உன் தலை தாழட்டும் என்கிறார். அங்கே வாழ்த்து மேலிருந்து கீழே வருகிறது, அரசனே தலை குனிய வேண்டியிருக்கிறது. ஆகவே மேல், கீழ் என்ற எண்ணம் பழந்தமிழில் இல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதே பாட்டின் முடிவில் காரிகிழார் தாமே அரசனை நிலவு போலக் குளிரவும் கதிரவன் போல நிலைக்கவும் வாழ்த்துகிறார். கை உயர்த்துபவரும் வாழ்த்தலாம், கை ஏந்துபவரும் வாழ்த்தலாம் என்று ஒரே பாட்டு இரண்டுக்கும் இடம் தருகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த சான்று ஐங்குறுநூற்றில் இருக்கிறது. 500 பாட்டில் முதல் பத்து, ஓரம்போகியார் பாடிய வேட்கைப் பத்து. மருதத் திணை. கணவன் பரத்தையிடம் போய்விட்டான், தலைவி வீட்டில் இருக்கிறாள். பின்னர் அவன் திரும்பி வந்து, நான் இல்லாத காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்க, தோழி சொல்லும் பதில் இது. பத்துப் பாட்டும் ஆதன் அவினி என்ற சேர மன்னனுக்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்கும். பிறகு தலைவி என்ன விரும்பினாள் என்று வரும்: நெல் விளையட்டும், பால் சுரக்கட்டும், பகை அடங்கட்டும் என்று ஊருக்கான விருப்பங்கள். கடைசியில் தோழி, "நாங்கள் வேறு விரும்பினோம்" என்று தலைவன் இவளைப் பிரியாமல் இருப்பதைக் கேட்பாள். தலைவி தனக்காக ஒரு சொல் கேட்கவில்லை. வருத்தத்தில் இருக்கும் இளம்பெண் நாட்டையும் அரசனையும் வாழ்த்துகிறாள். அவளைப் போய் "உனக்கு என்ன வயது?" என்று யாரும் கேட்க முடியுமா? இந்தப் பத்தைக் கற்பின் பெருமை என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். வாழ்த்து யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்தால் பாட்டு வேறு மாதிரி திறக்கும் என்று நினைக்கிறேன்.

பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போனவர். மதுரையில் பாண்டியன் அவையில் வென்று யானைமேல் வரும்போது திருமால் வானத்தில் காட்சி தந்தாராம். பார்த்தவர் வரம் கேட்கவில்லை. இவ்வளவு அழகுக்குக் கண்பட்டுவிடுமே என்று பயந்து, இறைவனுக்கே பல்லாண்டு பாடிவிட்டார். 12 பாசுரம். மனிதன் கடவுளுக்கு ஆயுள் கேட்கிறான்! வயதுக் கணக்குப் பார்த்தால் இதைவிடப் பெரிய அத்துமீறல் கிடையாது. வைணவ மரபு அதை அத்துமீறலாக எடுக்கவில்லை, அந்த அன்புக்காகவே அவரைப் "பெரிய" ஆழ்வார் என்றது.

திருக்குறளின் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து இல்லையா என்று மாணவர் கேட்பார்கள். அந்த வாழ்த்துக்குப் போற்றுதல் என்று பொருள். அதையும் இதையும் குழப்ப வேண்டாம். பத்துக் குறளிலும் தேடிப் பாருங்கள், "வாழ்க" என்ற சொல்லே கிடைக்காது. அங்கே நீண்டு வாழப் போவது இறைவன் அல்லன், அவன் வழியில் நிற்பவர்கள். ஆனால் தமிழ் வாழ்த்து வேறு வகை. நம் நாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகளில் இறையருட் கவிஞர் சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்தைப் பாடுகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதுப் பிள்ளை எழுந்து நின்று தமிழ்த்தாயை வாழியவே என்கிறது. தாய்க்கு எத்தனை ஆயிரம் வயது, பிள்ளைக்கு எத்தனை வயது! மொழியையே வாழ்த்தலாம் என்றால் கணக்கு வாத்தியாரை வாழ்த்தக் கூடாதா?

சரி, அந்தத் தொடர் எங்கிருந்து வந்திருக்கும்? வாழ்த்தையும் ஆசியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் என்பது என் ஊகம். ஆசி, ஆசீர்வாதம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. ஆசிக்குத் திசை உண்டு. கொடுப்பவருக்கு அதைக் கொடுக்கும் நிலை வேண்டும்: பெற்றோர், குரு, துறவி, பாதிரியார், தெய்வம். விவிலியத்தில் ஈசாக்கு யாக்கோபுக்குக் கொடுத்த ஆசியைத் திரும்ப வாங்க முடியாமல் போகிறதே, அந்தக் கனம் "வாழ்த்து" என்ற சொல்லில் இல்லை. ஆகவே "ஆசி கூற எனக்கு வயதில்லை" என்று ஒரு மாணவர் எழுதினால் நான் சரி போடுவேன். "வாழ்த்த வயதில்லை" என்பதுதான் இடிக்கிறது.

விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொற்களோடு பட்ட பாட்டை நாம் கவனிக்க வேண்டும். மலைப்பொழிவில் வரும் சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பில் "பாக்கியவான்கள்". 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் "பேறுபெற்றோர்". ஆங்கிலத்தில் ஆசீர்வாதத்துக்கும் பாக்கியத்துக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடலாம், தமிழில் முடியாது. இது தெரியாமல்தான் நம் பிள்ளைகள் "உங்களை ஆசிரியராகப் பெற நான் ஆசீர்வதிக்கப்பட்டிருக்கிறேன்" என்று எழுதுகிறார்கள். ஒரு தாளில் "மாறுவேடத்தில் வந்த ஆசீர்வாதம்" என்றுகூட இருந்தது. தீமையிலும் ஒரு நன்மை என்று சொல்ல வந்திருக்கிறான், பாவம். கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே இறக்கிவிட்டான்.

பெறு என்ற வினையின் முதனிலை நீண்டு வருவது பேறு. மக்கட்பேறு என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் பெற்றவர் இருக்கிறார், கொடுத்தவர் இல்லை. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்பதிலும் இந்தப் பெறுதல்தான். பதினாறு பிள்ளை என்று வகுப்பில் கிண்டல் செய்வார்கள். அபிராமி பட்டர் பதிகத்தில் பதினாறு பேறுகளையும் வரிசையாகச் சொல்கிறார்: கல்வி, நட்பு, நோயில்லாத உடம்பு, சலிக்காத மனம் என்று போகும். பிள்ளைப்பேறு அதில் ஒன்றே ஒன்று.

ஆனால் பேச்சு வழக்கில் இருக்கும் ஒரு தொடர் இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்: "கொடுத்து வைத்தவன்." நல்லது கிடைத்தவனை ஆங்கிலம் ஆசி வாங்கியவன் என்கிறது. தமிழ் அவனைக் கொடுத்தவன் என்கிறது! முன்பு எப்போதோ, போன பிறவியிலோ, யாருக்கோ கொடுத்து வைத்தான், இப்போது கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் "எனக்குக் கொடுப்பினை இல்லை" என்று நம்மையே நொந்துகொள்கிறோம், மேலே இருப்பவரைக் குற்றம் சொல்வதில்லை. "ஆசீர்வதிக்கப்பட்டிருக்கிறேன்" என்ற இடத்தில் "உங்களிடம் படிக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று போட்டால் எவ்வளவு இயல்பாக இருக்கிறது, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அருள் என்றாலே கோயில் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு அருள்மிகு ஸ்ரீ இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம் நினைவுக்கு வரும். வள்ளுவர் அருளுடைமையைத் துறவறவியலில், 25ஆம் அதிகாரமாக வைத்தார். அங்கே அருள் மனிதனிடம் இருக்க வேண்டிய குணம். உறவு பார்க்காமல் எல்லா உயிரிடமும் செல்லும் அன்பு. ஆகவே "அவர் அருள் நிறைந்தவர்" என்று ஒரு மனிதரைப் பற்றி எழுதினால் தவறு என்று கோடு போடாதீர்கள்.

நம் ஊரில் மலாய் மொழியும் இந்தச் சொற்களோடு உரசுகிறது. "பெர்காட்" அரபு வழி வந்தது; நம் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் "பரக்கத்" அதன் உடன்பிறப்பு. ஜொகூரில் ஜாவா வழி வந்த அண்டை வீட்டார் கெண்டுரிக்குப் போனால், வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்துக்கே பெர்காட் என்று பெயர். ஆசியைப் பையில் போட்டு எடுத்து வரலாம்! நம் பிரசாதம் மாதிரிதான். "ரெஸ்து" வேறு. அதில் பெரியவரின் நல்லெண்ணத்தோடு சம்மதமும் கலந்திருக்கிறது. பெற்றோரின் ரெஸ்து இல்லாத திருமணம் என்பதை "ஆசி இல்லாத திருமணம்" என்று மட்டும் பெயர்த்தால் பாதிதான் வரும், "சம்மதமும் ஆசியும்" என்று இரண்டு சொல் வேண்டும்.

(வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? தேர்வில் வாழ்த்துகள் என்றே எழுதுங்கள். நடுவில் ஒற்றைப் போட்டால் கள்ளுக்கடை நினைவு வருகிறது என்று கேலி செய்வார்கள். இந்த ஒரு "க்" பற்றி ஆசிரியர் அறையில் நாங்கள் சண்டை போட்ட நேரத்தில் பாதியைச் சொல்லின் பொருளுக்குக் கொடுத்திருக்கலாம்.)

ரெஸ்து என்றதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் நம் பள்ளிகளில் நடக்கும் மஜ்லிஸ் ரெஸ்து இல்மு நினைவுக்கு வருகிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் வரிசையாக உட்கார, மாணவர் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடிப்பார்கள், நம் பிள்ளைகள் காலைத் தொடுவார்கள். சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவரின் தாயார் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். மகன் காலைத் தொட்டதும் அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவன் காதருகில் ஏதோ சொல்லி முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

அடுத்த வாரம் அதையே தன்கதையாக எழுதச் சொன்னேன். அவன் எழுதியது: "என் தாயார் என்னை மனமார ஆசீர்வதித்தார்."

"உண்மையில் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது ஒன்னும் இல்ல டீச்சர். 'நேரத்துக்குச் சாப்டுட்டுப் போடா. தெரியாத கேள்விய வச்சுக்கிட்டு அழுதுட்டு உக்காராத, அடுத்தத பாரு'ன்னாங்க."

"அதை ஏன் எழுதலை?"

"அது ஆசீர்வாதம் இல்லையே டீச்சர். ஏசுனாங்க."

தொல்காப்பியர் செய்யுளியலில் புறநிலை வாழ்த்து என்ற ஒன்றைச் சொல்கிறார். நீ வழிபடும் தெய்வம் உன்னைக் காக்க, உன் வழிமுறை குறையில்லாமல் தழைக்கட்டும் என்பது அதன் சாரம். வாழ்த்துபவரின் தெய்வம் அன்று, வாழ்த்தப்படுபவரின் தெய்வம் என்று பொருள் கொள்வது வழக்கம். பல சமயத்துப் பிள்ளைகள் உட்காரும் நம் வகுப்பில் இதை ஒரு தனிப் பாடமாகவே நடத்தலாம். அதை அடுத்து அவர் சொல்வது வாயுறை வாழ்த்து. கேட்கும்போது வேம்பு போலக் கசக்கும், பின்னால் நன்மை தரும். அந்தக் கசப்புச் சொல்லையும் அவர் வாழ்த்து என்ற பெயரில்தான் வைத்தார். இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா சொன்னது எந்த வகை என்று அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாயுறை" என்றான்.

அந்தக் கட்டுரையில் "மனமார ஆசீர்வதித்தார்" என்ற வரியை அடித்துவிட்டு, அம்மா சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதச் சொன்னேன். பேச்சுத் தமிழ் வந்தால் புள்ளி போய்விடுமே என்று பயந்தான். உரையாடலுக்குள் வரலாம், வெளியே வரக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது இந்த 28 தாளுக்கும் அதே வைத்தியம் பார்த்திருக்கிறேன். "வாழ்த்த வயதில்லை" என்று எழுதிய 11 பேரையும் கடைசிப் பத்தியை மட்டும் திரும்ப எழுதச் சொன்னேன். ஒரே நிபந்தனை: ஓய்வு பெறும் அந்த ஆசிரியருக்கு உண்மையிலேயே என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறாயோ அதை எழுது. நாலு பேர் மறுபடியும் "நீடூழி வாழ்க" என்று ஒரு வரியில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் நம் பள்ளியின் கணக்கு ஆசிரியரை மனத்தில் வைத்து எழுதியிருந்தாள்: "ஐயா, இனி நீங்கள் காலை ஆறு மணிக்குத் தெப்ராவ் சாலை நெரிசலில் நிற்க வேண்டாம். வீட்டு வாசலில் உட்கார்ந்து சூடாக தேத்தண்ணீர் குடியுங்கள். உங்கள் முழங்கால் வலி தீர்க. நீங்கள் திட்டியதை எல்லாம் நாங்கள் மறக்க மாட்டோம். நலமாக வாழ்க."

"சூடாகத் தேத்தண்ணீர்" என்று ஒற்று மிக வேண்டும். அதற்கு மட்டும் சிவப்புப் பேனா போட்டேன்.